ஏழாவது தந்தி

பிரம்மநாயகிக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் உயராது. பல்லைக் கடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். டீச்சர் என்றால் சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று தலைமையாசிரியை புத்தி சொன்னபோதும், டவுன் பஸ்ஸில் எவனோ தூங்குகிற மாதிரி மேலே சாய்ந்தபோதும், பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கலர் கொஞ்சம் மட்டு என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பியபோதும் அவள் கடித்தது தன் பல்லைத்தான். ஒரு மனுஷி இவ்வளவையும் விழுங்கினால் அதெல்லாம் எங்கேதான் போகும்?

நாயகி விஷயத்தில் கிடாருக்குப் போனது.

மதுரையில் ஹாஸ்டலில் இருந்து பி.எட். படித்தபோது, அறைத்தோழியின் அண்ணன் கொடுத்த கேசட் ஒன்றைக் கேட்டாள். ஹெவி மெட்டல் இசை என்றார்கள். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோபத்தை விழுங்காத மனிதர்களை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். ஊர் திரும்பியதும் மெல்லிசைக் குழுக்காரர் ஒருவரிடம் பழைய கிடாரை வாங்கி விரல் பழகினாள். சின்ன வயதில் வீணை படித்த விரல் என்பதால் சீக்கிரம் படிந்தது. ஆனால் கேசட்டில் தரைக்கடியிலிருந்து உறுமிய அந்தச் சத்தம் மட்டும் எப்படி வாசித்தாலும் வரவில்லை. சாதாரணக் கிடாரில் அது கிடையாது, அதற்குக் கீழே போக இன்னொரு தடித்த தந்தி வேண்டும், அப்படி ஏழு தந்திக் கிடார் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

தொண்ணூற்றேழில் அதை வாங்கச் சென்னைக்குப் போனாள். கப்பலில் வாசிக்கிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் கிடார்கள் கிடைக்கிற கடை. கடைக்காரர் "தம்பிக்காம்மா?" என்றார். பல்லைக் கடித்தாள். பளபளவென்று சிவப்பில் ஒன்றை எடுத்து நீட்டினார். ஏழாவது தந்தியை மட்டும் தட்டி, கட்டையில் காதை வைத்துக் கேட்டாள். கழுத்து குட்டை, தந்தி துணி காயப்போட்ட கொடிக்கயிறாய்த் தொளதொளத்தது. வேண்டாம் என்றாள். மூலையில் கறுப்பாக, கனமாக, பார்க்கவே சகிக்காத ஒன்று கிடந்தது. கழுத்து நீளம். அதன் தந்தியைத் தட்டினால் விறைப்பாக நின்று பேசியது. அந்த அதிர்வு அவள் தாடை எலும்புவரை வந்தது. சேர்த்து வைத்ததையெல்லாம் அதற்குக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் அதைக் கொண்டுவர ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அப்பா அருணாசலம் பிள்ளை தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றியதும் வீணை வாசிப்பார். அவரிடம் சொன்னாள்: "வீணைக்கும் ஏழு தந்தி, இதுக்கும் ஏழு தந்திப்பா. வீணைக்கு ஒன்னுவிட்ட தங்கச்சின்னு வச்சிக்கிடுங்க." அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தெருவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாளையங்கோட்டைக் கல்லூரி விழாவில் வெளியார் வாசிக்கிற நிகழ்ச்சியில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. சனிக்கிழமை. டிரம்ஸ் வாசிக்கிற ஸ்ரீவிஷ்ணுவும் அவளும் மட்டும். பாட்டு அவள் கட்டியது. முழுக்க ஏழாவது தந்தியில்தான் நடக்கும். இத்தனை வருஷம் விழுங்கியதையெல்லாம் அதில்தான் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். வாளியின் காது இரண்டும் பிய்ந்திருந்ததை யாரோ கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். கையில் பிடித்தவள் அப்படியே நின்றாள். கம்பி மேல் கம்பி சுற்றிய தடித்த தந்தி. இரண்டு காதுக்கும் இரண்டு துண்டு.

உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தாள். ஏழாவது தந்தி இருந்த இடத்தில் முடி போல மெல்லிசாக ஒரு எஃகுக் கம்பி. தட்டினாள். கொசுவாய் முனகியது.

"பாத்துட்டியா?" என்று அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "வீணையில ஓரத்துல வாரது தாளத்தந்திலா? மெல்லிசா இருக்கணும். கடைக்காரப்பய தாம்புக்கயிறு மாதிரி ஒரு கம்பியப் போட்டு ஒன்னைய ஏமாத்திப்புட்டான். நான் வீணைக் கம்பி போட்டுச் சுருதியும் சேத்து வச்சிருக்கேன்."

"அப்பா, அந்தத் தந்திக்காகத்தான் நான் இதையே வாங்குனேன்."

"அது சுருதியே பேசலைட்டி. வெறும் கொர்ருங்குது."

"அந்தக் கொர்ருதான் எனக்கு வேணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"இன்னும் ஆறு இருக்குலா, போதாதா? ஒன்னு போனா குடியா முழுகிப் போச்சு?"

அடுப்படியிலிருந்து அம்மா, "அப்பா ஆசையாச் செஞ்சிருக்காங்க. மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கா பாரு" என்றாள்.

ஆசையாம். ஒரு பெண்ணின் பொருளை அவளிடம் கேட்காமல் வெட்டிவிட்டு அதற்கு ஆசை என்று பேர் வைத்தால் அவள் என்ன பதில் சொல்வது? திட்டினால் நன்றிகெட்டவள், அழுதால் பைத்தியக்காரி. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னைக்குப் பேசினாள். அந்தத் தந்தி கடையில் இல்லை, அடுத்த கப்பல்காரர் வந்தால் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். திரும்பி வந்து ஆறாவது தந்தியைத் தளர்த்தி இறக்கிப் பார்த்தாள். அது தொய்ந்துபோய்க் கழுத்திலுள்ள மெட்டுக்கட்டைகளில் இடித்துக் கரகரத்தது. உறுமவேண்டிய பாட்டு இருமியது. அன்று அவள் பல்லைக் கடிக்கவில்லை. கடித்துக் கடித்து அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியாயிற்று. வாராவாரம் கேட்க வருகிற கோபாலசுப்பிரமணியன் சார் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். அருணாசலம் பிள்ளை உறையை நீக்கினார். அவருடைய அப்பா காலத்து வீணை. தந்திகளை வருடிய விரல் பாதியில் நின்றது.

"நாயகி, அனுமந்தரத்தை எங்க?"

வீணையிலேயே தடித்த தந்தி அதுதான்.

"இன்னும் ஆறு இருக்குலாப்பா" என்றாள் நாயகி. "போதாதா?"

"ஏட்டி, எங்கன்னு கேக்கேன்." வீணையைத் தள்ளிவைத்தார். "அது இல்லாம என்னத்த வாசிக்க? அது யாரு வீணைன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். ஒங்க வீணை. அது யாரு கிடாருப்பா?"

அவர் கிடார்ப் பெட்டியைப் பார்த்தார்.

"என்ன பிள்ளைவாள், என்ன ஆச்சு?" என்றார் சார்.

"கிணத்தடியில போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாயகி கிடார்ப் பெட்டியைத் தோளில் மாட்டினாள். ஸ்ரீவிஷ்ணு வீட்டில் கடைசி ஒத்திகை. தளர்த்திய தந்தி இருமினாலும் சரி, நாளைக்கு அதையாவது மேடையில் இரும வைக்கவேண்டும்.

வாசலில் செருப்பை மாட்டும்போது நடை வழியாகக் கிணற்றடி தெரிந்தது. அப்பா டார்ச் லைட்டை அடித்து வாளியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கைப்பிடியில் அனுமந்தரம் சுற்றியிருந்தது. வெறிபிடித்தவர் போல அவிழ்த்தார். வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து முனை முதல் முனை வரை தடவினார். முழுசாக இருந்தது. ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு விழாமல் சுற்றியிருந்தாள்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பியவர் நின்றார். மறுபடி குனிந்து வாளியின் காதுகளில் தான் கட்டிய கிடார்த் தந்தியை அவிழ்த்தார். இரண்டு துண்டு. ஒன்றின் முனையை இன்னொன்றின் முனையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சேரவில்லை. கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

நாயகிக்கு அதைப் பார்த்தும் கோபம் ஆறவில்லை. ஜங்ஷன் பஸ் வருகிற நேரம். இறங்கி நடந்தாள்.