கறுப்பு வெல்லம் பற்றி நான் கேட்ட கேள்வி

1. நடுவில் குழி

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு இணைப்பிதழ்ப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு மணிக்கு என் மேசையில் ஒரு கேக் இருந்தது. ஓரம் இரண்டு அங்குல உயரம், நடுவில் ஒரு விரல் ஆழத்துக்குக் குழி. வாயில் வைத்தால் சோப்பை நக்கியது போல சோடா வாடை. ஒரே குறிப்பை வைத்து நான் செய்த மூன்றாவது கேக் அது.

திருப்பதியில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இருபது ஆண்டுகள் குற்றச் செய்திகளும் மண்டலச் செய்திகளும் பார்த்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் வாரம் ஒரு சமையல் பக்கம் என் பொறுப்பு. குறிப்புகளை வாசகர்கள் அனுப்புவார்கள். வேலைக்குப் போய் வருகிற வீட்டில் ஒரு மணி நேரத்தில் செய்து முடிப்பதாக இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் எளிதாகக் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டும். நான் சேர்த்த விதி ஒன்று உண்டு. என் அடுப்பில் ஒரு முறை செய்து பார்க்காத எதுவும் அச்சேறாது.

அந்த விதிக்குக் காரணம் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு தட்டைக் குறிப்பை அப்படியே போட்டேன். ஊறவைத்த கடலைப்பருப்பின் ஈரத்தைத் துடைக்கச் சொல்லி அதில் இல்லை. எண்ணெயில் தட்டை வெடித்து, புத்தூர் வாசகி ஒருவர் கையில் கட்டோடு போன் செய்தார். அடுத்த மாதம் வந்த நெய் பிஸ்கட் குறிப்பு, ஒரு மாவுப் பாக்கெட்டின் பின்புறத்தில் வரி மாறாமல் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு குறிப்பையும் வாக்குமூலம் போலத்தான் படித்தேன்.

இந்தக் கேக் குறிப்பு விஜயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாட்ஸாப்பில் வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் லோகேஸ்வரி. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழம் பிரிக்கும் வேலை. கோதுமை மாவு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, வெல்லம், எண்ணெய், சமையல் சோடா. முட்டை இல்லை, தயிர் இல்லை, எலுமிச்சை இல்லை. சோடாவை எழுப்ப ஏதாவது புளிப்பு வேண்டும். இதில் எதுவுமே இல்லை. கூடவே வந்த போட்டோவில் கேக் நன்றாக உப்பி, காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. என்னுடையது மஞ்சள். போட்டோ வேறு எங்கிருந்தாவது எடுத்ததா என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் சந்தேகம் குறையவில்லை.

செய்தி ஆசிரியர் வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்து, மீதியைத் தட்டிலேயே வைத்தார்.

"ஏம்மா, இது கேக்கு. கொலை கேஸ் இல்ல. போட்டுட்டுப் போ. யாரு செஞ்சு பாக்கப் போறா?"

"செஞ்சு பாக்கறவங்க திட்டுவாங்க சார்."

"திட்டினா படிக்கறாங்கன்னு அர்த்தம்."

நான் கேக்கை எடுத்துவிட்டு, கையிருப்பில் இருந்த பச்சை வேர்க்கடலைச் சுண்டலைப் போட்டேன்.

2. மூன்று விநாடி

மறுநாள் லோகேஸ்வரியை போனில் பிடித்தேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"மேடம், என்னிக்குப் பேப்பர்ல வந்துக்கீது?"

"இன்னும் வரலம்மா. நீங்க சொன்ன மாதிரி செஞ்சா கேக் எழும்பல. எந்த வெல்லம் போட்டீங்க?"

மூன்று விநாடி அமைதி. குற்றச் செய்தியில் இருந்தவர்களுக்கு இந்த அமைதியை எண்ணும் பழக்கம் உண்டு.

"வெல்லம்தான் மேடம். கடைல விக்கற வெல்லம்."

"கறுப்பா, வெள்ளையா?"

"போட்டோ கொஞ்சம் இருட்டா வந்துடுச்சு மேடம்."

போட்டோவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. குறிப்பேட்டில் அதை எழுதி அடிக்கோடிட்டேன். அதற்குள் அவர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

"நகரி டவுன்ல ஒரு ஸ்கூல்ல வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம பசங்களுக்கு ஸ்நாக்ஸ் குடுக்க ஆள் பாத்துக்கினு கீறாங்கோ. வர்ற புதன்கெழம நாப்பது பீஸ் சாம்பிள் கேட்டுக்கீறாங்க. நம்ம பேர் பேப்பர்ல வந்தா நம்புவாங்க மேடம். ஃபேக்டரி ரெண்டு மாசந்தான் ஓடும். அப்பால வருஷம் பூரா சும்மாதான்."

அவருக்கு எதற்கு இந்தக் குறிப்பு அச்சாக வேண்டும் என்பது அதில் தெளிவாக இருந்தது. எனக்கு அதுவும் சந்தேகத்தையே கூட்டியது. ஆதாயம் இருப்பவர் சொல்வதை இரண்டாவது ஆளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம வர்றேன். என் கண் முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்றேன்.

"வாங்க மேடம். ஞாயித்துக்கெழம லீவுதான்." இந்தப் பதிலில் தாமதம் இல்லை. அதை நான் எழுதி வைக்கவில்லை.

3. பஸ் நிறுத்தக் கடை

வடமாலபேட்டை, புத்தூர், நகரி என்று இரண்டு பஸ் மாறி, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே இறங்கினேன். வேண்டுமென்றேதான். ஆளைப் பார்க்கும் முன் ஊரில் விசாரிப்பது என் வழக்கம். நிறுத்தத்தின் எதிரே மளிகைக் கடை. கையில் குறிப்பேடு, பேனா.

"லோகேஸ்வரி வீட்ல இங்கதான் வெல்லம் வாங்குவாங்களா?"

கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். "எவரண்டி மீரு?" யார் நீங்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

"திருப்பதிலேர்ந்து வர்றேன். பத்திரிகை. அவங்க எந்த வெல்லம் வாங்கறாங்க? மாசத்துக்கு எவ்வளவு?"

அவர் தமிழுக்கு மாறினார். "நம்ம கடைல அந்த மாதிரி சரக்கே கெடயாது மேடம். வேணும்னா உள்ள வந்து பாத்துக்கோங்க."

எந்த மாதிரி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதிலை வரி மாறாமல் எழுதிக்கொண்டேன். என் சந்தேகம் சரியாகிக்கொண்டு வருவதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

4. குக்கரில் நாற்பத்தைந்து நிமிடம்

லோகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு அறை வீடு, சமையல் மேடையில் ஐந்து லிட்டர் குக்கர். கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்தாகிவிட்டது. அடியில் உப்பு பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம் போலீஸ்காரம்மா மாதிரி நின்னுக்கினு கீறீங்க. ஸ்டூல்ல குந்துங்க."

நான் உட்காரவில்லை. அவர் மாவை அளந்தார், நான் எழுதினேன். வேர்க்கடலைப் பொடி, எண்ணெய், சோடா, எல்லாம் அனுப்பிய குறிப்பில் இருந்தபடியே. பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னால் கை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே கறுப்பு வெல்லம். வெயிலில் இளகி, தார் போலப் பளபளத்தது. அதில் ஒரு கப் எடுத்து வெந்நீரில் கரைத்து மாவில் ஊற்றினார்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் கேக் வந்தது. உயரம், நிறம், மேலே விழுந்த விரிசல் எல்லாம் போட்டோவில் இருந்தது போலவே. சூட்டோடு ஒரு துண்டு தின்றேன். பொய் எதுவும் இல்லை.

"இத ஏன் சொல்லல?"

"எப்படி மேடம் சொல்றது? ஃபேக்டரில பத்து பேர் நடுவுல நின்னுக்கினு பேசறேன்."

எங்கள் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எல்லை மண்டலங்களில் கறுப்பு வெல்லத்தைக் கிலோ கணக்கில் வாங்கினால், கேட்கிறவர் மனதில் முதலில் வருவது கேக் அல்ல, சாராயம். காய்ச்சுவதற்கு அதுதான் வேண்டும். சோதனை என்று வந்தால் கடைக்காரரைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் தெரிந்தவர்களுக்கு மட்டும், பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். லோகேஸ்வரியின் கொழுந்தனைச் சில வருடங்களுக்கு முன் சாராயம் காய்ச்சினார் என்று போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அவுரு காச்சினது நெசந்தான். நைனா வீட்லகூட நாங்க அத மறைக்கல. ஆனா அதுலேர்ந்து இந்த வீட்டுக்குக் கறுப்பு வெல்லம் வருதுன்னா ஊரே பாக்கும். பேப்பர்ல வெறும் வெல்லம்னு போடுங்க மேடம்."

"வெறும் வெல்லம்னு போட்டா எல்லார் வீட்லயும் குழி விழும்."

"கறுப்புன்னு போட்டா எங்க வீட்ல குழி விழும்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

5. திரும்பவும் கடை

என்னை பஸ் ஏற்ற அவரும் நிறுத்தம் வரை வந்தார். புதன்கிழமைச் சாம்பிளுக்கு இரண்டு கிலோ எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லியிருந்தாராம். அப்படியே வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனார். டப்பாவில் இனி ஒரு கேக்குக்குக்கூட வெல்லம் இல்லை.

"அண்ணா, எடுத்து வெச்சுக்கீறியா?"

"எது?"

"நேத்து சொன்னேனே."

"இல்லம்மா. இனிமே கேக்காத." அவர் என்னைப் பார்த்தார். "மேடம் மொதல்லயே வந்து எல்லாம் எழுதிக்கினு போனாங்க."

லோகேஸ்வரி என் பக்கம் திரும்பினார்.

"நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு முன்ன இங்க வந்தீங்களா?"

"ஆமா."

"இன்னா கேட்டீங்க?"

சொன்னேன். எந்த வெல்லம், எவ்வளவு.

"அத வூட்ல வந்து என்னாண்ட கேட்டிருந்தா டப்பாவ தொறந்து காட்டியிருப்பேனே மேடம். காட்டத்தானே கூப்ட்டேன்."

கடைக்காரரிடம் நான் விளக்கினேன். சமையல் பக்கம், கேக், சோடா, புளிப்பு. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் பேசப் பேச அவருக்குச் சந்தேகம் கூடியது. கேக் வெந்ததா என்று பார்க்க ஒரு பெண் திருப்பதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பஸ் வந்தது. லோகேஸ்வரி கேக்கில் பாதியைப் பொட்டலமாகக் கையில் கொடுத்தார். "ஆபீஸ்ல துன்னுங்க" என்றார். போன் செய்கிறேன் என்று சொல்லவில்லை.

6. கிளிமூக்கு

செவ்வாய் இரவு வரை அவருடைய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அழைக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. புதன்கிழமை மாலை அவரே அழைத்தார்.

"மேடம், எழுதிக்கோங்க. வெள்ள வெல்லம் ஒரு கப்பு. கோதும மாவு ஒன்ரை கப்பு. வேர்க்கல்ல பொடி அரை கப்பு, எண்ணெ கால் கப்பு, சோடா முக்கா டீஸ்பூன், ஒரு சிட்டிக உப்பு. கிளிமூக்கு மாங்கா ஒண்ணு. தோலு சீவி வேக வெச்சு மசிச்சு அரை கப்பு. வெந்நீ அரை கப்பு."

"மாங்காயா?"

"கறுப்பு வெல்லத்துல ஒரு புளிப்பு கீது மேடம், நாக்குல வெச்சா தெரியும். அதான் சோடாவ எழுப்புது. வெள்ளைல அது இல்ல. புளிப்பு போனா புளிப்ப போடணும். ஃபேக்டரி வாசல்ல லாரி லாரியா நின்னுக்கினு கீது, அத வுட்டு வேற எங்க போறது? ஒரு கேக் போச்சு. ரெண்டாவது எழும்பிடுச்சு."

"சாம்பிள்?"

"நாப்பதும் காலி. ஸ்கூல் சாரு வாட்ச்மேனுக்குக்கூட வெக்கல. வெள்ளிக்கெழம எடுத்துனு வரச் சொன்னாரு. பேப்பர் எங்கன்னு கேட்டாரு. வரும்னு சொன்னேன்." நிறுத்தினார். "வருமா?"

அன்று இரவே என் அடுப்பில் செய்து பார்த்தேன். நடுவில் குழி இல்லை, சோடா வாடை இல்லை. மாங்காயின் மணம் லேசாக இருந்தது. அந்த வாரப் பக்கம் ஏற்கெனவே போய்விட்டதால், அடுத்த வாரச் சனிக்கிழமை இணைப்பிதழில் அவர் பெயரோடும் போட்டோவோடும் அரைப் பக்கம் வந்தது. செய்து பார்த்த வாசகர்கள் யாரும் திட்டவில்லை. செய்தி ஆசிரியர் இரண்டு துண்டு தின்றார். குறிப்பு யாருடையது என்பதில் எனக்கு இருந்த கடைசி சந்தேகமும் அதோடு போய்விட்டது. நகலெடுத்தவருக்கு, ஒரு பொருளைப் பிடுங்கிக்கொண்டால் அடுத்து என்ன போடுவது என்று தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் இளைய சகாக்களுக்கு இதை எழுத வேண்டிய தேவை இல்லை. ஆடியில் ஃபேக்டரி மூடியது, கிளிமூக்கும் நின்றது. பள்ளிக்கு வெள்ளிக்கிழமை கேக் நிற்கக்கூடாது. தயிரும் எலுமிச்சையும் போட்டுப் பார்த்திருக்கிறார். எழும்பியது, ஆனால் மறுநாள் காலைக்குள் உதிர்ந்தது. வியாழன் செய்து வெள்ளி கொடுப்பவருக்கு அது உதவாது. மாங்காய் இல்லாதபோது கறுப்பு வெல்லம்தான் கேக்கை ஈரமாக வைத்திருக்கும். பஸ் நிறுத்தக் கடைக்காரர் இன்று வரை அவருக்குத் தருவதில்லை. லோகேஸ்வரி வாரத்தில் ஒரு நாள் எல்லை தாண்டித் திருத்தணிக்கு பஸ் ஏறி, அங்கே யாரும் எதுவும் கேட்காத கடையில் வாங்கி வருகிறார். போக வர அரை நாள் ஆகிறது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பொங்கலுக்கு வேர்க்கடலை பிஸ்கட் குறிப்பு அனுப்பியபோது, ஏன் தாமதம் என்று நான் கேட்டதற்குக் காரணமாகச் சொன்னார். வெல்லம் கறுப்பு என்று அந்தக் குறிப்பில் முதல் வரியிலேயே இருந்தது. பெயர் போட வேண்டாம் என்று கடைசி வரியில் இருந்தது.

செய்து பார்க்காமல் போடாதீர்கள் என்று இப்போதும் சொல்வேன். அந்த விதியில் தவறில்லை. குறிப்பைச் சோதிக்க என் அடுப்பு போதும், அவருடைய அடுப்பு போதும். நான் ஊரைக் கேட்டேன். சந்தேகம் வந்தால் அதை முதலில் உரியவரிடம், அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கடையில் கேட்ட கேள்வி கடையிலேயே இருந்துவிடும். கேட்ட நாம் மட்டும் பஸ் ஏறி வந்துவிடுவோம்.