உட்காராத மாமன்

“பேரு, ஊரு சொல்லும்மா. நின்னுடாத, நடந்துனே சொல்லு” என்றபடி, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார் வேடியப்பன். முதியோர் பென்ஷன் நின்றுபோன அந்த அம்மாள் கையில் ஆதார் அட்டையோடு பின்னால் விரைகிறார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் மதிலோரம் புங்கமரத்தில் தொடங்கி ஜெராக்ஸ் கடை வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் கூட்டம் அதிகம். மனு எழுதித் தரும் மற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேடியப்பனுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது.

எழுதும்போது மட்டும் நிற்பார். பரீட்சை அட்டையை மதில்மேல் சாய்த்து வைத்து எழுதுவார். கையெழுத்து குண்டு குண்டாக, ஆடாமல் வரும். கீழே கால்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சேறு மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருக்கும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. மற்றவர்களிடம் போனால் கொள்ளுத்தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து ஆரம்பிக்கிற ஆட்கள், இவரிடம் மூச்சு வாங்குவதால் இரண்டாவது சுற்றிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

நாற்பத்திரண்டு வயது. பி.ஏ. வரலாறு. ஒல்லி உடம்பு. செருப்பு மட்டும் அடிக்கடி வாங்குவார். டவுன் பஸ்ஸில் இருக்கைகள் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். “இன்னா சார், வேண்டுதலா?” என்று கண்டக்டர் கேட்டால், “ஆமா, நீ சில்லற குடுக்கணும்னு” என்பார்.

முடிவெட்டுவதுதான் பெரிய பாடு. சலூன் இளவரசன் அவருக்கு இரண்டு தவணையாக வெட்டுகிறார். ஒரு பக்கம் முடிந்ததும், “போய் ஒரு ரவுண்டு வந்துருங்கண்ணா” என்று அனுப்பிவிடுவார். கழுத்தில் கட்டிய துணியோடு, பாதி வெட்டிய தலையோடு வேடியப்பன் கடைத்தெருவைச் சுற்றி வருவார். அந்தக் கோலத்திலேயே ஒருமுறை ஒருவருக்கு வாரிசுச் சான்றிதழ் மனுவுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். கேட்டவர் பாதித் தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் ஆகவேண்டுமே.

தியானத்தில் அசையாமல் உட்காருவதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கும் ஊர் இது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, டீக்கடை வாசலில் வேடியப்பன் கையில் கிளாஸோடு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்ததை ஒரு வெள்ளைக்காரர் வெகுநேரம் பார்த்திருந்தார். பிறகு எழுந்து வந்து, உடைந்த தமிழில் பணிவாகக் கேட்டார்: “இந்த நடை... உங்க குரு யாரு?”

“டாக்டரு” என்றார் வேடியப்பன்.

வெள்ளைக்காரர் கைகூப்பிவிட்டு, அவர் பின்னாலேயே சிறிது நேரம் நடந்தார்.

பதிலில் பொய் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுவரைப் பார்த்துப் படுத்த வேடியப்பன் எழுந்திருக்கவே இல்லை. என்ன காரணம் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதது அவருக்கே வெட்கமாக இருந்தது, இன்னும் சுருண்டுகொண்டார். மனச்சோர்வுக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரை அவரைக் கட்டிலிலிருந்து வாசற்படி வரை கொண்டுவந்து விட்டது. அதற்கப்பால் நகரவில்லை. டாக்டர் அதற்குத் துணையாக இன்னொரு மாத்திரை சேர்த்தார். சின்னது. கொஞ்ச நாளில் வேடியப்பன் முகச்சவரம் செய்துகொண்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டார், சாம்பாரில் உப்பு கம்மி என்று தங்கையிடம் சண்டை பிடித்தார். தங்கை ரேணுகாம்பாள் அந்தச் சண்டையை அக்கம்பக்கத்துக்கெல்லாம் நல்ல சேதியாகச் சொல்லி வந்தாள்.

அவரோடு அவர் கால்களும் எழுந்துகொண்டன, பிறகு உட்காரவே இல்லை.

“வலி இல்ல. மரத்துப் போறதும் இல்ல. டவுன் பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்குது, டிரைவரு இன்ஜின ஆப் பண்ணாம டீ குடிக்கப் போயிட்டான். அந்த மாதிரி ஒரு அதிர்வு உள்ளுக்குள்ள ஓடினே இருக்குது.”

வேடியப்பனின் இந்த விளக்கத்தை டீ மாஸ்டர் கேட்டிருக்கிறார், இளவரசன் கேட்டிருக்கிறார், பக்கத்து நாற்காலி மனு எழுத்தர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் டாக்டர். அவருடைய அறையில் வேடியப்பன் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தால் நாற்காலிக்கடியில் பூட்டிக்கொண்டு, நெற்றி வியர்க்க உட்கார்ந்திருப்பார். “வேற ஏதாவது தொந்தரவு இருக்குதா?” என்று டாக்டர் கேட்பார். “ஒண்ணும் இல்ல சார். ஜம்முனு இருக்குது.”

வெளியே வந்ததும் ரேணுவிடம் நியாயம் சொல்வார்: “சொன்னா சின்ன மாத்திரைய நிறுத்திடுவாரு. மறுபடியும் செவுத்தப் பாத்துனு படுக்கறதுக்கா? காலுதான, ஆடினா ஆடட்டும்.”

ரேணுவின் வீட்டு மாடியில் ஒற்றை அறையில்தான் அவர் குடியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே ரேணு, அவள் கணவர் செழியன், எட்டு வருடம் காத்திருந்து பிறந்த பெண்குழந்தை தென்றல். தலைக்குமேல் காலடிச் சத்தம் தொடங்கியதும் செழியன், “உங்க அண்ணன் கிரிவலம் கெளம்பிட்டாரு” என்பார். ரேணு சிரிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குக் கைவேலை ஓடும்.

தென்றலுக்குப் பதினோராம் மாதம் காது குத்துவது என்று முடிவானது. படவேட்டில், குலதெய்வத்தின் முன்னால். மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்கவேண்டும். சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, குட்டிக் கம்மல் எல்லாவற்றையும் வேடியப்பன் முன்கூட்டியே வாங்கிவிட்டார். வாங்க முடியாதது மடி. காது குத்தும் பத்தர் பொட்டு வைத்த இடத்தில் ஊசி இறங்கவேண்டும். குழந்தை திமிறும். மடியும் சேர்ந்து ஆடினால்?

பெரியப்பா மகன் மணிவேல் பெரிய மனதோடு முன்வந்தார். கனத்த உடம்புக்காரர். “நானும் மாமன்தான ரேணு, நான் ஒக்கார்றேன். எனக்கு ஒழுங்கா வர்ற வேல அது ஒண்ணுதான்.”

“எங்கண்ணன் மடியிலதான் குத்தணும்” என்றாள் ரேணு. “மடி ஆடினா பத்தரும் கூட ஆடினே குத்தட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் நின்றிருந்த வேடியப்பனும் சிரித்தார். அன்றைக்கே சின்ன மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நாளாக ஆகக் கால்கள் அடங்கின. ஒரு திங்கட்கிழமை நாற்காலியிலிருந்து சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்துவிட்டு அவரே உட்கார்ந்தார். வந்தவர்கள் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை.

அன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்த ரேணுவின் கை நின்றது. மேலே சத்தமே இல்லை. செழியன் பேப்பரைப் புரட்டியபடி, “அப்பாடா, இன்னிக்கிதான் வீடு வீடா கீது” என்றார். அவள் ஈரக் கையோடு மாடி ஏறினாள். வேடியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“எப்ப நிறுத்தன?”

“இன்னாத்த?”

“எங்கிட்டயே மனு எழுதாத. எப்ப?”

“கொழந்தைக்கி காது குத்தி முடிச்சதும் போட்டுக்கறேன் ரேணு. காலப் பாரு, எப்டி கம்முனு கீது.”

“காலு மட்டுமா கம்முனு கீது?” ரேணு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “மடி மட்டும் வேணும்னா நாற்காலிகிட்ட கேட்டிருப்பேன். எனக்கு மாமன் வேணும். ஊரு கொறைய எல்லாம் எழுதற, உன் கொறையச் சொல்ல வாயி இல்ல. எந்திரி. சட்டையப் போடு.”

டாக்டர் முன்னால் வேடியப்பனுக்குத் தொழில்தான் கைகொடுத்தது. எழுந்து நின்று கைகூப்பி, “ஐயா, வணக்கம். பொருள், கால் நிக்காதது சம்பந்தமா” என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொல்லிமுடித்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். “இந்த மாத்திரைய சேக்கும்போது சில பேருக்கு இப்படி ஆகறதுதான். மொத வாரமே சொல்லியிருந்தா அளவ கம்மி பண்ணியிருப்பேன். ஏன் சொல்லல?”

“நீங்க மாத்திரைய நிறுத்திடுவீங்கனு பயந்துட்டேன் சார்.”

“நான் நிறுத்திடுவேன்னு பயந்து, நீங்களே நிறுத்திட்டீங்க.”

முதலில் ரேணு சிரித்தாள். பிறகு வேடியப்பன். டாக்டர் சின்ன மாத்திரையைப் பாதியாக்கி, கால் அடங்க இன்னொன்று எழுதிக்கொடுத்து, “எதுன்னாலும் மொதல்ல என்கிட்ட” என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். ஓரிரு வாரங்களில் மாடியில் காலடிச் சத்தம் திரும்பியது. முன்போல ஓட்டமில்லை. சாப்பிட்டபின் உலாவுகிறவரின் நடை. அவ்வப்போது நடுவில் நிற்கவும் செய்தது. உப்புச் சண்டையும் திரும்பியது.

படவேட்டில் கோயிலுக்கு வெளியே கல்படியில் வேடியப்பன் உட்கார்ந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தென்றல் மடியில் இருந்தாள். இடது காது முடிந்தது. குழந்தை வீரிட்டாள், மாமனின் தொடைகள் அசையவில்லை. மணிவேல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார், தானே உட்கார்ந்த மாதிரி. பத்தர் வலது காதுக்கு ஊசியைத் துடைத்து நிமிர்ந்தபோது வேடியப்பனின் வலது முழங்கால் இலேசாக உதறத் தொடங்கியது. பத்தரின் கை பின்வாங்கியது. வேடியப்பன் குழந்தையின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி தங்கையைப் பார்த்தார். அவர் முகமெல்லாம் வியர்வை.

ரேணு தாம்பாளத்தைச் செழியனிடம் கொடுத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு அண்ணன் எதிரே தரையில் மண்டியிட்டாள். குனிந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தரையோடு அழுத்தினாள்.

“அண்ணன் மேல எம்மாம் மரியாத பாரு” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

போட்டோக்காரர் பரபரத்தார். “சூப்பர்க்கா, அப்படியே இருங்க. அண்ணா, ஒரு கைய எடுத்துத் தங்கச்சி தலமேல, ஆசீர்வாதம் பண்ற மாதிரி.”

“இருப்பா, மொதல்ல குத்தட்டும்” என்றார் வேடியப்பன்.

பத்தர் குத்தினார். தென்றல் அடிவயிற்றிலிருந்து அலறினாள். சிவந்த காதில், பொட்டு வைத்த இடத்திலேயே கம்மல் நின்றது. வேடியப்பன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையைத் தங்கையின் தலைமேல் வைத்தார். போட்டோ எடுத்தாகிவிட்டது. போட்டோக்காரர் சீர்த்தட்டுகளைப் படம் பிடிக்கப் போய்விட்டார். கூட்டமும் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அவளும் கால்களை விடவில்லை.