கால்விரல் நகத்தில் குடியிருந்தோம்

ஈரச் செங்கல்லின் வாசனைதான் எனக்கு இன்றைக்கும் பரலோகத்தின் வாசனை. சேலையூரில் நாங்கள் குடியிருந்த சொந்த வீட்டுக்குப் பூச்சு கிடையாது; மழை பிடித்துக்கொண்டால் சுவர் நாள் முழுக்க ஊறிக் கிடக்கும், சாயங்காலம் அந்த ஈரத்தோடு எனாமல் பெயின்ட் வாடையும் கலந்து அறையெங்கும் பரவும். பெயின்ட் வாடை அப்பாவின் "சார்ட்"டிலிருந்து வந்தது.

சார்ட் என்றால், சுவரையே மறைக்கிற காடாத் துணி. அதில் பாபிலோன் ராஜா கனவில் கண்டு, தானியேல் தீர்க்கதரிசி அர்த்தம் சொன்ன சிலை நின்றது: பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், இரும்பும் களிமண்ணும் கலந்த பாதம். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவிலுள்ள விசுவாசிகளைப் பாயில் உட்காரவைத்து, தலைக்குப் பாபிலோன் என்று தொடங்கி, பாகத்துக்கு ஒரு ராஜ்யமாகப் பிரம்பால் தொட்டுக்கொண்டே இறங்குவார். கடைசியில் பிரம்பு சிலையின் கட்டைவிரல் நகத்தில் வந்து நிற்கும். "நாம இப்ப இங்கதான் இருக்கோம்" என்பார். எங்கள் தெரு, முனையிலிருந்த மாவு மில், தாம்பரம் ஸ்டேஷனுக்குள் நுழையும் மின்சார ரயில் எல்லாமே அந்த நகத்தின் மேல்தான் இருக்கின்றன என்று நான் வெகுநாள் நம்பினேன். நகத்துக்கு அப்புறம் துணியில் ஒன்றுமில்லை, வெறும் நீலம். அந்த நீலத்தைப் பார்த்தபடியே எத்தனையோ வெள்ளிக்கிழமை தூங்கிப்போயிருக்கிறேன்.

சுவரைப் பூசாததற்கும் அந்த நகம்தான் காரணம். உலகத்தை முடிக்கப்போகும் இயேசுவின் இரண்டாம் வருகை வாசலுக்கே வந்துவிட்ட பிறகு சிமென்ட் எதற்கு என்பது அப்பாவின் கணக்கு. எங்கள் வீட்டில் எந்தத் திட்டமும் "வருகை தாமதிச்சா" என்ற சொல் இல்லாமல் தொடங்காது. வருகை தாமதிச்சா ஞாயித்துக்கிழமை கோவளம் போலாம். வருகை தாமதிச்சா உனக்குப் புது யூனிஃபார்ம் தைக்கலாம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அம்மாவுக்கு மாசம் ஏறிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை வேறு. "ஈரச் சுவத்துக்குள்ள பச்சப் புள்ளைய எங்கங்க படுக்கப் போடுறது? அந்த ஒரு ரூமையாவது பூசிடுங்க" என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தாள். அப்பா சண்டைக்காரர் இல்லை. சிரித்துக்கொண்டே சார்ட்டைக் காட்டுவார். எனக்கோ தம்பி தங்கை யாராவது வேண்டும். "பாப்பா பொறக்கற வரைக்கும் மட்டும் வராதீங்க ஆண்டவரே" என்று போர்வைக்குள் ஜெபிப்பேன், ஜெபித்துவிட்டு அப்படிக் கேட்டது பாவமோ என்று நடுங்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கடைசி நாட்களில் கர்ப்பவதிகளின் பாடு ஐயோ என்று இயேசு சொன்ன இடத்தை அப்பா வாசித்தார். எப்போதும் வாசிக்கிற குரலில்தான் வாசித்தார். அம்மா பாயின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து நின்று கேட்டுவிட்டேன்: "அப்பா, பாப்பா பொறக்கறதுக்குள்ள வருகை வந்துட்டா, பாப்பா என்னப்பா ஆகும்?"

கடைசிக்கால மிருகத்தின் ஏழு தலைக்கும் பத்துக் கொம்புக்கும் விளக்கம் வைத்திருந்த அப்பா, பிரம்பால் அந்த நகத்தையே தட்டிக்கொண்டிருந்தார். அம்மாதான் தன் வேதாகமத்தைப் புரட்டினாள்.

"எரேமியாவும் தீர்க்கதரிசிதானேங்க?" என்றாள், அத்தனை பேர் முன்னாலும், குரலை உயர்த்தாமல். "பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவங்களுக்கு அவர் என்ன எழுதியனுப்பினாரு? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, புள்ளைங்களப் பெத்துக்கங்கன்னுதானே? மூட்டையக் கட்டிக்கினு உக்காந்திருங்கன்னா எழுதினாரு?"

பின்வரிசையில் ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா வேதாகமத்தை வாங்கி அந்த இடத்தைத் தனக்குள் வாசித்துப் பார்த்தார், பிறகு சுருக்கமாக ஜெபம்பண்ணி எல்லோரையும் அனுப்பிவைத்தார். மழை விட்டதும் கொத்தனாரோடு வந்து நின்றார். சார்ட்டைக் கழற்றினால்தான் பூச முடியும் என்றார் கொத்தனார். தம்பி பிறந்து, தொட்டில் கட்டிய பிறகு அதைத் திரும்ப மாட்ட ஆணியோடு வந்த அப்பாவை அம்மா உள்ளேயே விடவில்லை, "புதுச் சுவருங்க" என்றாள்.

சுருட்டி வைத்த துணியைக் கரையான் தின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக் கூட்டமும் போயிற்று. விசுவாசிகளின் பிள்ளைகள் கேளம்பாக்கம் பக்கம் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிக்கால விளக்கங்கள் இப்போது அவரவர் போனிலேயே வந்து விழுகின்றன; குறுக்கே கேள்வி கேட்கத்தான் அம்மா இல்லை. போன வருஷம் அவளை அடக்கம் பண்ணினோம். அதன்பிறகு அப்பா மிருகங்களையும் ராஜாக்களையும் அடியோடு விட்டுவிட்டார்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், மாத்திரைக்குக் கையை நீட்டியபடியே கேட்டார்: "வருகையில மரிச்சவங்க முதல்ல எழுந்திருப்பாங்கன்னு வசனம் இருக்கேம்மா. அப்ப உங்கம்மா எனக்கு முன்னால போயிடுவாளா, இல்ல எனக்காக நிப்பாளா?"

அடுத்த வசனத்திலேயே பதில் இருக்கிறது. அதை எனக்கு மனப்பாடம் பண்ணவைத்தவரே அவர்தான்.

"ஒண்ணாத்தான் போவீங்கப்பா. அடுத்த வசனத்துலயே இருக்கே."

"இருக்கில்ல? எடுத்து வாசி."

வாசித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தரம் வாசிம்மா" என்றார்.