சரோஜாவின் மினி டிராக்டரும் மூக்குள்ள புழுக்களும்

பழைய டிராக்டர் ரிப்பேர் பார்க்கிற தொழிலில் வண்டி நம்மை ஒரு நாளும் திட்டாது. அந்த வேலையை வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார். வாசலில் பழைய வண்டி ஒன்றை நிறுத்திவைத்துவிட்டு, இன்றைக்குக் கிளம்புமா கிளம்பாதா என்று அதன் மூஞ்சியைப் பார்த்தபடியே காபி குடிக்கிறவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆறுதலுக்குக் கொஞ்சம் கேளுங்கள்.

இண்டூரில் ரோட்டோரம் என் பட்டறை. இந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் நிறைய. மாதேஷும் அவர் சம்சாரம் சரோஜாவும் அந்த வகை. அவர்களிடம் ஒரு கிழட்டு மினி டிராக்டர். மல்பெரிச் செடி வரிசைக்கு நடுவே நுழைந்து உழும், அறுத்த தழையை டிரெய்லரில் இழுத்துவந்து புழு வளர்க்கிற மனையில் சேர்க்கும். ஓட்டுவது சரோஜா. மாதேஷுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. இந்த முறை புழு கூடு கட்டுகிற வரைக்கும் பார்ப்பாராம், நடுவில் வண்டி மக்கர் பண்ணினால் பழைய வண்டி புரோக்கரிடம் தள்ளிவிடுவாராம். புது வண்டி வந்தால் தன்னைத் தொடக்கூட விடமாட்டார், மறுபடியும் தழையைத் தலையில்தான் சுமக்க வேண்டும் என்று சரோஜாவுக்குக் கவலை. பட்டறைக்கு வந்தபோதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது.

மேட்டு வாசம்

முதல் புகார், காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது. அதனால் தினமும் சாயங்காலம் வண்டியைக் கோயில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். காலையில் நாலு பேர் தள்ளிச் சரிவில் உருட்டினால் பிடித்துக்கொள்ளும். பேட்டரி போச்சு, செல்ஃப் மோட்டார் போச்சு என்று மாதேஷ் ஒவ்வொன்றாகச் சாகடித்துக்கொண்டே வந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வரும் எர்த் வயர், துரு மேல் துருவாக ஏறி, பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. மாதேஷுக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் முகம் தொங்கிப்போனது. "இதுக்காங்க இத்தினி நாளா ஊரைக் கூட்டித் தள்ளிக்கிட்டிருந்தோம்? இனி மேட்டுல ஒருத்தன் மூஞ்சியில முழிக்க முடியாதுங்க."

நல்ல குடும்பத்துப் புழு

அடுத்தது புகை. அந்த வண்டிக்கு சைலன்சர் பக்கவாட்டில், தாழ்வாக இருந்தது. கக்குகிற புகையெல்லாம் பின்னால் டிரெய்லரில் இருக்கிற தழை மேல்தான் போய்ப் படியும். அந்தத் தழையைப் போட்டால் புழு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கிடக்கிறது என்று சரோஜா சொல்லிச்சு.

"ஏம்மா, புழுவுக்கெல்லாம் மூக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் சட்டென்று வேலையில் இறங்கிவிட்டேன். ஒரு வளைவுப் பைப்பை வெல்டிங் வைத்து, புகையைத் தலைக்கு மேலே போக விட்டேன். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க உச்சியில் ஒரு தகர மூடி. மறு வாரம் அந்தப் பக்கம் போனபோது தழை போட்டுக்கொண்டிருந்த சரோஜா கூப்பிட்டுக் காட்டிச்சு. புழுக்கள் கடித்துத் தின்கிற சத்தம், மழைத் தூறல் மாதிரி மனை முழுக்கக் கேட்டது. "எம் புழுங்க எல்லாம் நல்ல குடும்பத்துப் புழுங்கண்ணா, நாத்தம் அடிக்கறதை வாயில வைக்காதுங்க."

பாதுகாப்புப் பொட்டலம்

எலி. இதைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம். ராத்திரி போனட்டுக்குள் புகுந்து வயரைக் கடிக்காத எலி நம் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. கடித்த வயரை மாற்ற மாதேஷ் வந்தபோது, பட்டறையில் காத்திருந்த ஒரு மாந்தோப்புக்காரர், "புகையிலையைத் துணியில கட்டி உள்ள தொங்க விடுங்க, எலி அண்டாது" என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், மாந்தோப்புக்கு. அன்றைக்கே மாதேஷ் பெரிய பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்.

பட்டுப்புழுவுக்குப் புகையிலை எமன். அந்த நெடி தழையில் ஏறினால் போதும், கக்கிச் சுருண்டுவிடும். புழு வளர்க்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மாதேஷுக்கும் தெரியும், ஆனால் வண்டியும் மனையும் வேறு வேறு என்று அவர் மனசில் ஒரு கணக்கு. மறுநாள் தழை ஏற்றுவதற்கு முன்னால் சரோஜாவுக்கு வாசம் பிடித்துவிட்டது, தப்பித்தார்கள். வண்டி நேராக என் பட்டறைக்கு வந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, வயரை எல்லாம் இரும்புச் சுருள் பைப்புக்குள் நுழைத்து, ஓட்டைகளைக் கம்பி வலையால் அடைத்தேன். மாதேஷ் ஓரமாக நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா அவரைக் கை காட்டிச்சு. "மனைகிட்ட பீடி குடிக்காதீங்கன்னு வூட்டு வாசல்ல போர்டு எழுதி வச்ச மனுசன்தாங்கண்ணா இவரு!"

புரோக்கர் வந்தார்

கூடு கட்டுவதற்கு முந்தின நாட்களில்தான் புழுவுக்கு அசுரப் பசி. அப்போது பார்த்து, உச்சி வெயிலில், டிரெய்லர் நிறையத் தழையோடு வண்டி தோட்டத்து நடுவில் கொதித்து நின்றுவிட்டது. வாடின தழையைப் புழு தின்னாது. சரோஜா எனக்குப் போன் போட்டுச்சு. மாதேஷ் புரோக்கருக்குப் போட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சரோஜா ஒரு கட்டுத் தழையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மனைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டரைப் பார்த்தேன். முன்னால் மல்பெரிச் சருகு மெத்தை போட்டது மாதிரி அடைத்திருந்தது. உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினேன். தொளதொளவென்று கிடந்த ஃபேன் பெல்ட்டை இழுத்து முடுக்கி, சருகை வடிகட்ட முன்பக்கம் ஒரு வலையும் மாட்டினேன். வண்டி கிளம்பியது, தழை மனைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் வந்திறங்கிய புரோக்கர் தானே ஏறி ஒரு வரிசை ஓட்டிப் பார்த்தார். இறங்கும்போது முகமெல்லாம் பல். இப்பவே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாதேஷ் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "புரோக்கரே இப்படி ஆசைப்படறாருன்னா, இதை நான் எதுக்குங்க குடுக்கணும்?"

சரோஜாவின் கடைசி ரிப்பேர்

கூடு நன்றாக வந்தது. எல்லாம் சுபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சரோஜா வண்டியை ஓட்டிக்கொண்டு வேகமாக வந்து நிறுத்திச்சு. மாதேஷ் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரமாம். முன்னே பின்னே பார்த்துவிட்டு மெல்லப் பேசிச்சு. வண்டி சரியானதிலிருந்து மனுஷன் இறங்குவதே இல்லையாம். உழவுக்கும் அவர்தான், தழைக்கும் அவர்தான், டீக்கடைக்கும் அதில்தான். இந்தப் பெண் பின்னால் நடக்கிறதாம்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் கை வைத்த வண்டியாயிற்றே. "இப்ப என்னம்மா செய்யணும்?" என்றேன். பதில் தயாராக இருந்தது. "சீட்டை என் அளவுக்கு முன்னால இழுத்து அங்கியே வெல்டு வச்சுருங்கண்ணா, அவரு காலு நீளம், உக்காந்தா முட்டி ஸ்டியரிங்ல இடிக்கணும்."

வைத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளில், வண்டிக்காரர் இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருப்பதும் நான் இன்னும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அந்த ஒரு வெல்டிங்கைப் பற்றித்தான்.