மேடையை விட்டு இறங்கிய கிரைண்டர்

எங்கள் வீட்டுப் பேரிடர் தயார்நிலைக் குழுவின் முதலும் கடைசியுமான கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கட்டிலில் சாய்ந்து முக்கால் தூக்கத்தில் அப்பா, முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கியபடி அம்மா, தலைவர், செயலாளர், பேச்சாளர் எல்லாமாக நான். வராதவள் அக்கா. கல்யாணமாகிக் கரக்பூரில் இருக்கிறாள். அவள் மட்டும் வந்திருந்தால், "போலே, போயி வேலையப் பாரு" என்று ஒரே வரியில் கூட்டத்தை முடித்திருப்பாள். குடும்பத்துக்கு ஒரு தொகை மிச்சமாகியிருக்கும்.

கிரைண்டரும் அங்கே இருந்தது. வங்காளத்துப் பெஹாலாவில் ஒரு சந்துக்குள், தரைத்தளத்தில், இரண்டு அறை வாடகை வீடு எங்களுடையது. முன்னறை மூலையில் முழங்கால் உயரத்துக்கு அப்பா தன் கையால் கட்டிய செங்கல் மேடை, அதன்மேல் கிரைண்டர். அப்பாவும் அம்மாவும் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். சாயங்காலம் அரைத்தது ராத்திரி புளித்து, விடிந்ததும் இரண்டு பெரிய வாளிகளில் அப்பாவின் சைக்கிள் வேன் ஏறி, டாலிகஞ்சில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய்ச் சேரும். சந்தில் பாக்கெட் போட்டு விற்பது கைச்செலவுக்கு. வாடகையும் அரிசியும் என்னுடைய பி.காமும் அந்த இரண்டு வாளிகளிலிருந்து வந்தவை.

அண்ணாச்சி நல்லவர், ஆனால் கடைக்காரர். அடிக்கடி ஒன்று சொல்வார். "மாவு வராத அன்னிக்கு நான் காளிகாட்காரன்கிட்ட போயித்தான் ஆவணும். அவன் ஒரு நாளைக்கெல்லாம் தர மாட்டான், வருசத்துக்குப் பேசினாத்தான் தருவான். அப்புறம் என்னக் குத்தம் சொல்லப்படாது." காளிகாட்டில் ஒருவர் பெரிய மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆகையால் எங்கள் வீட்டில் காய்ச்சல் வரலாம், கல்யாணம் வரலாம், அந்த இரண்டு வாளிகள் மட்டும் வராமல் இருக்கக் கூடாது.

கூட்டத்துக்குக் காரணம் என் ஆபீசில் நடந்த ஒரு நாள் பயிற்சி. தீ, வெள்ளம், புயல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பச்சைத் தொப்பியும் விசிலும் தந்தார்கள். மற்றவர்கள் தொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நான் போட்டுக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். யாராவது எதையாவது சொல்லிக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கு வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

"வெளியாள நம்பி இருக்கக் கூடாதும்மா. மூணு நாளைக்குக் கரண்டு இல்ல, தண்ணி இல்ல, கடை இல்லன்னு வச்சுக்கோங்க. நம்ம குடும்பம் தன்னால நிக்கணும்" என்றேன்.

"கரண்டு போனா மாவு எப்படிய்யா அரைக்க?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"அதுக்குத்தான் இன்வெர்ட்டர்."

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "எவ்வளவு ஆகும்?"

"தவணைதாம்பா. என் சம்பளத்துல பிடிப்பாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்வெர்ட்டர் வந்தது. பாட்டரி ஒரு சின்னக் கன்றுக்குட்டி கனம். வந்த அன்றே கிரைண்டரை அதில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று பட்டனைத் தட்டினேன். கிரைண்டர் ஒரு முறை முனகியது, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. பொருத்த வந்தவரிடம் கேட்டேன். இந்த மோட்டாருக்கு இதைப்போல இரண்டு மடங்கு வேண்டும், மிக்ஸி என்றால் ஓடும் என்றார். அம்மா மிக்ஸியைப் பார்த்தாள், பிறகு கிரைண்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அடுத்தது, அதை எங்கே வைப்பது என்பது. மின்சாதனங்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும் என்று பயிற்சியில் படமே போட்டுக் காட்டியிருந்தார்கள். வீட்டில் உயரமும் பலமும் உள்ள இடம் ஒன்றுதான்: கிரைண்டர் மேடை. கிரைண்டரும் மின்சாதனம்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது அம்மா, அப்பா மாதிரி. பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிறது, இனியும் இருக்கும்.

"அப்பா, கிரைண்டரக் கீழ இறக்கிருவோம்."

"ஏன்ல? அங்கன நல்லாத்தான இருக்கு."

"இந்த மேடையே வெள்ளத்துக்காகத்தான கட்டுனீங்க?"

"வெள்ளமாவது ஒண்ணாவது. குனிஞ்சு மாவு அள்ளுனா இடுப்பு போவுது, அதுக்குக் கட்டுனது."

"அப்ப இடுப்பு மட்டுந்தான. மழை முடியிற வரைக்கும் நான் வந்து அள்ளித் தாரேன்."

அப்பா வாதாடியிருக்கலாம். அம்மாவோடு ஒரு குடம் தண்ணீருக்காக அரை மணி நேரம் வாதாடக்கூடியவர். ஆனால் என்னோடு வாதாட மாட்டார். "சரி, படிச்ச பய சொல்லுதான்" என்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பா, நான், சந்து முனை ரிக்ஷாக்காரர்கள் இரண்டு பேர், நான்கு பேராக மூச்சுப் பிடித்து இறக்கினோம். மேடையில் இன்வெர்ட்டர் ஏறியது. நான் எட்ட நின்று போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "மாவு அள்ளப்போறது யாரு?" என்று மட்டும் பதில் வந்தது. ஒரு வாரம் நான் அள்ளினேன். பிறகு ஆபீசில் வேலை அதிகமாகிவிட்டது.

மழை ஒரு ராத்திரி முழுக்கப் பெய்தது. விடியும்போது சந்தில் கணுக்கால் தண்ணீர். பெஹாலாவில் இது செய்தியே இல்லை. அப்பா வழக்கம்போல வாளிகளை வேனில் ஏற்றிக்கொண்டு டாலிகஞ்சுக்குக் கிளம்பினார். "வீட்டப் பாத்துக்க" என்றார். நான் பச்சைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. நான் பதறவில்லை என்பதை இங்கே பெருமையோடு எழுத ஆசைப்படுகிறேன். பயிற்சியில் சொன்ன வரிசைப்படி செய்தேன். மெயின் ஸ்விட்சை அணைத்தேன். காஸ் சிலிண்டரை மூடினேன். என் சான்றிதழ்கள், பத்தாம் வகுப்பிலிருந்து பி.காம் வரை எல்லாமே லேமினேட் செய்தவை, அவற்றை மேலும் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வைத்தேன். லேமினேட் செய்த தாள் தண்ணீரில் போட்டாலும் நனையாது என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அம்மா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் இழுத்துப் போட்டாள். காலையில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் வாளியோடு அடுப்பு மேடைக்குப் போயின. நான் கழுத்தில் தொங்கிய விசிலை ஒரு முறை ஊதிப் பார்த்தேன்.

"ஏய்யா," என்றாள் அம்மா, "கிரைண்டரு."

தண்ணீர் அதன் காலைத் தாண்டி மோட்டார் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நான்கு பேர் இறக்கியதை இரண்டு பேர் ஏற்ற முடியாது. அதில் ஒருத்தி அம்மா, மற்றவன் நான். அது அசையக்கூட இல்லை. மோட்டார் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் மூழ்கியது. மேடைமேல் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

அப்பா திரும்பி வந்தபோது மழை நின்றிருந்தது. மத்தியானத்துக்குள் தண்ணீரும் வடிந்துவிட்டது, கரண்டு மட்டும் ஏரியா முழுக்க வரவில்லை. அவர் கிரைண்டரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மோட்டாரின் அடிப்பக்கத்தைத் திறந்ததும் சேற்றுத் தண்ணீர் அவர் காலில் ஊற்றியது.

"நாளைக்கு மாவு?" என்றாள் அம்மா.

"மிக்ஸி இருக்கு" என்றேன் நான். "இன்வெர்ட்டர்ல மிக்ஸி ஓடும். இதுக்குத்தான வாங்கினது." என் வாழ்க்கையில் இவ்வளவு சரியான நேரத்தில் நான் எதையும் சொன்னதில்லை. அப்பாவின் முகத்தில்கூட கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சாயங்காலம் அரிசி ஊறியதும் அரைக்கலாம் என்று முடிவானது.

சாயங்காலம் வரை நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்திலேயே விளக்கு எரியும் ஒரே வீடு எங்களுடையது. போன் சார்ஜ் போட ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் என்னை 'பாய்' என்றார்கள், தம்பி என்று. வரிசையாக வரச் சொல்லித் துண்டுச்சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் ஃபேன் போட முடியுமா என்றார். இரண்டு ஃபேனையும் போட்டேன். அப்போதுதான் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். மாஷிமா என்று கூப்பிடுவோம், அத்தனை வங்காளப் பெரியம்மாக்களையும் போல. தனியாக இருக்கிறார். மகன் அனுப்பிய பணத்தில் வாங்கிய, வங்காளிகளுக்கு உயிரான இலிஷ் மீன் இரண்டு முழுசாக ஃப்ரிஜ்ஜில் இருக்கிறது, காலையிலிருந்து கரண்டு இல்லை என்றார். "இலிஷ்டா நஷ்டோ ஹோயே ஜாபே, பாபா." மீன் கெட்டுப் போய்விடும் என்று கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னார். நான் பரணிலிருந்து நீள வயரை இறக்கி, ஜன்னல் வழியாக மாடிக்கு இழுத்து, அவருடைய ஃப்ரிஜ்ஜுக்கு உயிர் கொடுத்தேன். மாஷிமா என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தொப்பிமேல்தான்.

சாயங்காலம் அம்மா முதல் ஈடு உளுந்தை மிக்ஸியில் போட்டுத் திருகினாள். அரை நிமிடம் ஓடியது. பிறகு இன்வெர்ட்டர் எனக்கு நன்கு பழகிய அந்தக் கீச்சுக் குரலில் கத்தியது. ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. மாடியில் ஃப்ரிஜ் ஒரு முறை குலுங்கி ஓய்ந்தது கீழே வரை கேட்டது.

"என்னல?" என்றார் அப்பா.

"பாட்டரி தீந்துட்டுப்பா."

"நம்ம மாவு அரைக்கதுக்கு முன்னாலயே?"

"மீனு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். "ஊருக்கெல்லாம் வெளக்கேத்திட்டான் எம்புள்ள. காளிகாட்டுக்காரனுக்கும் சேத்து" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், இப்படிப் பாராட்டுவாள்.

விஷயம் மாடிக்குப் போக நேரமாகவில்லை. ஒரு மணி நேரம் போலக் கழித்து மாஷிமா வீட்டு வேலைக்கார அக்கா, அம்மிபோன்ற அவர்களுடைய ஷில்கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் குழவியோடு மாஷிமா. தன் மீனுக்காகத்தான் பாட்டரி போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உளுந்து வடகம் போட இந்தக் கல்லில்தான் அரைப்பேன், உன் இட்லிக்கு ஆகாதா என்று அம்மாவிடம் கேட்டார். சார்ஜ் போட வந்து பாதியில் நின்றவர்களில் இரண்டு வீட்டார் தங்கள் கல்லையும் கொண்டு வந்தார்கள். முன்னறையில் மூன்று கல். அப்பா, அம்மா, மாஷிமா மூன்று பேரும் முட்டி போட்டு அரைத்தார்கள். அரைத்ததை வழித்துப் போட்டதும், அடுத்த ஈடு எந்தக் கல்லுக்கு என்று நம்பர் சீட்டு வைத்ததும் நான். இந்த முறை வரிசை ஒழுங்காக நடந்தது. இரண்டு வாளிக்கு ஆகவில்லை. கைகள் விட்டுப்போனபோது ஒரு வாளியும் கொஞ்சமும் தேறியிருந்தது.

அம்மா ஒரு விரலில் மாவைத் தொட்டு முகர்ந்தாள். முகம் மாறியது. "என்னய்யா இது, கடுகு வாசனை?"

மாஷிமா தயங்கினார். பிறகு சொன்னார். ஃப்ரிஜ் நின்றதும் மீன் இனித் தாங்காது என்று முழுவதையும் குழம்பு வைத்துவிட்டாராம். அதற்குக் கடுகு அரைத்தது இந்தக் கல்லில்தான். மூன்று தரம் கழுவினாராம். கல்லுக்குள் போன கடுகு கழுவினால் போகிற விஷயமில்லை. அந்த மீன் குழம்பு எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நான் அதுவரை சாப்பிட்டதிலேயே அதுதான் சிறந்தது என்பதை அந்த நிமிடத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

காலையில் நானும் வேனில் ஏறினேன். இத்தனைக்கும் காரணமானவன் அண்ணாச்சியின் முகத்தை நேரில் பார்ப்பதுதான் முறை என்று தோன்றியது. அண்ணாச்சி மூடியைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்து முகர்ந்தார். அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, இது மாவா, ஊறுகாயா?"

"கரண்டு இல்ல, அண்ணாச்சி. கையால அரைச்சது" என்றார் அப்பா.

அண்ணாச்சி அப்பாவின் கைகளைப் பார்த்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கரண்டியை வாளியின் விளிம்பில் தட்டிக்கொண்டு நின்றார். நான் காளிகாட்டை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"இட்லிக்கு ஆவாது" என்றார் கடைசியில். "வெங்காயத்தப் போட்டு ஊத்தப்பமா ஓட்டிருவேன். நம்ம கடைக்கு வாரதுல பாதி பெங்காலிதான், கடுகுன்னா வேண்டாம்னா சொல்லப்போறான். நாளைக்கு மட்டும் ஒழுங்காக் கொண்டாங்க." பிறகு என் தலையைப் பார்த்து, "தம்பி என்ன தொப்பியெல்லாம் போட்டு? முனிசிபாலிட்டில வேலையா?" என்றார்.

அன்று கரண்டு வந்தது. மாலைக்குள் அப்பா பக்கத்துக் கடையில் கிரைண்டர் ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டார். எங்களுடையதை அதே ரிக்ஷாக்காரர்களோடு மோட்டார் பட்டறைக்குக் கொண்டு போனோம். மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது எப்படி முழுசாக மூழ்கியது, எல்லோரும் உயரத்தில்தானே வைப்பார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"வெள்ளம்" என்றார் அப்பா, எனக்கு முன்னால். "திடீர்னு வந்துட்டு."

வீட்டுக்கு வந்ததும் அவர் இன்வெர்ட்டரை மேடையிலிருந்து இறக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு மேடை கட்டுவதற்குச் செங்கல் வாங்கிவந்தார். அதில் கிரைண்டர் ஏறியது; பழையதைவிட ஒரு வரிசை உயரம். எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார். நான் பயிற்சியில் சொன்னதைச் சொல்லவில்லை. "உங்க இடுப்புக்கு எது சரியோ அதுப்பா" என்றேன்.

இன்வெர்ட்டர் தவணை என் சொந்தக் கிறுக்கு, அதை வெள்ளக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதை விட்டுவிட்டு, மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றியது, பேரிங், வாடகைக் கிரைண்டர், ரிக்ஷாக் கூலி, அண்ணாச்சி பிடித்துக்கொண்ட அரை வாளிக் காசு, புது மேடைக்குச் செங்கலும் சிமெண்டும், எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஏழாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.