ஒரு டிரைவர், இரண்டு கர்னல்

1. செல்வியின் புரொஜெக்டர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் செல்வி போன் செய்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, புரொஜெக்டர் ஒயரச் சொருகுனா ஸ்கிரீன் அப்டியே நின்னுடுது. திங்கக்கெழம பிராக்டிகல் எக்ஸாம். நடுவுல நின்னா சென்டர் அனுமதியே போயிடும். இன்னா பண்றது?"

தோசை கருகியது. அவளுடைய பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுவது நான் பல வருடமாக வேலை செய்யும், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய சின்ன ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

வீடியோ டிரைவர் என்பது ஸ்கிரீன் கார்டோடு பேசும் புரோகிராம். அதைப் புதிதாக எழுத எங்களிடம் ஆள் கிடையாது. அதனால் பெரிய சிஸ்டம் ஒன்றின் டிரைவரை லைசென்ஸ்படி எடுத்து, எங்கள் கர்னலோடு, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியோடு, பொருந்த நடுவில் ஓர் ஒட்டு லேயர் வைத்து ஓட்டுகிறோம். புது வெர்ஷன் எடுக்கும்போதெல்லாம் நான் போட்ட திருத்தங்கள் அழிந்துபோகும். எங்கள் குழு சலித்துப்போய்ச் சொல்லிவிட்டது: இனி திருத்தம் அந்தப் பெரிய சிஸ்டத்தின் பக்கமும் சேர வேண்டும், இல்லையென்றால் பழைய கார்டுகளுக்கு டிரைவரே கிடையாது.

2. தொண்டூர்க்காரன்

அந்தப் பக்கம் டிரைவருக்குப் பொறுப்பு குமரன். செஞ்சி பக்கம் தொண்டூர்க்காரன், அவன் அம்மா எனக்குப் பழக்கம். பெங்களூரில் வேலை. வாய் நிறைய அக்கா என்பான். புரோகிராம் கோடு என்று வந்துவிட்டால் பாசமெல்லாம் பறந்துவிடும்.

செல்வியின் மெஷினில் லாக் செக்கரை ஓட்டினேன். ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க கோடில் பூட்டு மாதிரி லாக் போடுவோம். லாக்குகளைப் பிடிக்கும் வரிசை இடத்துக்கு இடம் மாறினால் செக்கர் எச்சரிக்கும். ஒயரைச் செருகியதும் எச்சரித்தது! வீடியோ ஓட்டும் பகுதி முதல் லாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறது. புரொஜெக்டரைக் கவனிக்கும் பகுதி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. அதைவிட முக்கியம், பிழை இருந்தது எங்கள் லேயரில் இல்லை, அவர்களிடமிருந்து வந்த ஃபைலில். உடனே குமரனை வீடியோ காலில் பிடித்தேன்.

"அது ஒங்க ஒட்டு லேயர் பண்ற கூத்துக்கா. எங்களுக்கு ஒரு கம்ப்ளெய்ண்ட் கூட வரல."

"எப்டி வரும்? அந்தக் கார்ட இப்ப யாருடா டெஸ்ட் பண்றீங்க? ஒன் பழைய லேப்டாப்ப எடு. வீடியோவ ஓடவிட்டு ஒயரச் சொருகிச் சொருகி எடு."

"எனக்கு வேற வேல இல்லையாக்கா?"

"ஒங்கம்மாகிட்ட சொல்லட்டா?"

சிரித்துக்கொண்டே லேப்டாப்பில் ஒயரைச் செருகினான், எடுத்தான், மறுபடி செருகினான். சிரிப்பு நின்றது.

"அக்கா, நின்னுடுச்சுக்கா! மவுஸ் கூட நகரல!"

ஒருத்தன் கம்ப்யூட்டர் உறைந்ததற்கு நான் சமையலறையில் குதித்த குதி இருக்கிறதே! அப்படி ஒரு சந்தோஷம்.

3. பொது ஃபைல்

"நான் எங்க பக்கம் சரி பண்ணிட்றேன், நீங்க காப்பி பண்ணிக்கோங்க" என்றான்.

"காப்பி பண்ணித்தான் இத்தன வருசம் நாசமாப் போச்சு. கர்னலுக்குக் கர்னல் மாறுறத தனி ஃபைல்ல வை. மிச்சம் ரெண்டு பேருக்கும் ஒண்ணே."

சம்பந்தி வீட்டுச் சண்டை போலப் பேசினோம், முறைத்தோம், மறுபடி பேசினோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதிலேயே போனது. கடைசியில் ஃபைலைப் பிரித்தான். லாக் வரிசையைச் சரிசெய்த ஒரே திருத்தம் இரண்டு சிஸ்டத்திலும் ஓடியது. ஞாயிறு இரவே அதைச் செல்வியின் மெஷின்களில் ஏற்றினேன்.

திங்கள் மதியம் செல்வி கூப்பிட்டாள். "அக்கா, எக்ஸாமினர் கால் பட்டு ஒயரே கயண்டு வந்துச்சு. திருப்பிச் சொருகுனோம். சூப்பரா ஓடுச்சுக்கா!"

அன்று சாயங்காலம் குமரனிடமிருந்து போன். "அக்கா, இனிமே நாங்க எதனா மாத்துனா, ஒங்க செக்கர்ல ஒருதடவ ஓட்டிக் காட்றீங்களா?"

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சின்ன சிஸ்டம்தானே, வாங்கிக்கொள்ள மட்டும்தான் நமக்கு உரிமை என்று நினைக்காதீர்கள். வாங்கிய கோடில் பிழையைக் கண்டுபிடித்துத் திருப்பிச் சொல்கிறவரும் பங்காளிதான். இத்தனை வருடம் குமரனுக்கு எழுதும் மெயிலில் 'உங்கள் டிரைவர்' என்றுதான் எழுதிவந்தேன். அன்று இரவு 'நம் டிரைவர்' என்று எழுதினேன்.