நைனாவுக்கு ஆகாத பால்

என் தங்கை திருப்பதியில் ஆராய்ச்சி செய்தது வெந்நீர் ஊற்றுக் கிருமிகளைப் பற்றி. கால் வைத்தால் தோல் வெந்துபோகும் தண்ணீரில் அவை உயிர் வாழுமாம். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு, அவள் கை வெந்துவிடுமோ என்பதுதான் முதல் கவலை.

விடுமுறைக்கு எங்கள் ஊர் விஜயபுரத்துக்கு வரும்போதெல்லாம் அவள் சொல்லிச் சொல்லி ஓரளவு புரிந்தது. பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் நொதி சிலர் வயிற்றில் போதுமான அளவு இல்லை. குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும், பேதியாகும். கிருமிகளிடமிருந்தும் அந்த நொதியை எடுக்கலாம். சாதாரணக் கிருமியுடையது சூட்டில் கெட்டுவிடும். ஊற்றுக் கிருமியுடையது சுடுபாலிலும் வேலை செய்யும்.

எங்கள் நைனாவுக்கு அந்த வயிறுதான். எல்லோருக்கும் டீ, அவருக்கு மட்டும் கடுங்காப்பி. ஆசை மட்டும் போகவில்லை.

"ரெண்டு சொட்டு எடுத்துக்கினு வாயேம்மா. ஒரு டம்ளர் பால் குடிச்சுப் பாக்கறேன்."

"அது சோதனைக்கு நைனா. வாயில வெக்கக் கூடாது."

"கொதிக்கிற தண்ணிக்கே பயப்படாதது, என் வயித்துக்கா பயப்படப் போவுது?"

அவள் சிரித்துவிட்டாள். "துன்ற மாதிரியும் பண்றாங்க, வெளிநாட்டுல. அங்க வேலை கெடைச்சா மொதல்ல உனக்குத்தான்."

வேலை கிடைத்தது, போனாள். விமானம், குளிர், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். இங்கேயே இருந்த நைனாவுக்காகப் பயப்படத் தோன்றவில்லை. அவள் முதல் லீவுக்கு வருவதற்குள், வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அவளால் உடனே கிளம்பி வர முடியவில்லை. மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிக்கும் சடங்கு. செல்போனைத் தோளில் இடுக்கியபடி, நடப்பதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா பால் சொம்பைக் கொடுத்தார். சாம்பல்மேல் சாய்க்கப்போன கை நின்றுவிட்டது.

"ஏண்டா நின்னுக்கினு கீற?"

"நைனாவுக்குப் பால் ஆவாது சித்தப்பா."

பங்காளி ஒருத்தர் சிரித்துவிட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. "செத்தவனுக்கு இன்னாடா வயித்துவலி? ஊத்து" என்றார்.

இதெல்லாம் தெரிந்தவள் அவள்தானே. "இன்னாம்மா பண்றது?" என்று போனில் கேட்டேன்.

"ஊத்துண்ணா. இனிமே ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

ஊற்றினேன். அடிச்சூடு ஆறாத சாம்பலில் பால் சுருசுருவென்று இறங்கியது.

"அது இன்னா சத்தம்ணா?" என்று கேட்டாள்.